வேட்டைக்கு எந்த வில் வாங்கலாம்? எதுவும் வேணாம் தம்பி!

போன சனிக்கிழமை ராத்திரி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல வழக்கம் போல கன்டெய்னர் லாரிங்க வரிசை கட்டி நிக்குது. வாரம் பூரா ஓ.எம்.ஆர்.ல பொட்டி தட்டிட்டு, திருவொற்றியூர் டீக்கடையில நின்னு ஒரு டீ குடிச்சா தான் நமக்கு வீக் எண்டே ஆரம்பிக்கும். அப்படி நின்னுட்டு இருந்தப்ப எங்க தெரு தம்பி ஒருத்தன் வந்தான். இருபது வயசு. கன்டெய்னர் யார்டுல வேலை. கையில போன், போன்ல ஒரு வில்லு.

"ண்ணா, நீ தான் வில்லு வச்சினுக்கிறியே. வேட்டைக்கு மொதல்ல வாங்கறதுக்கு நல்ல காம்பவுண்டு வில்லு எதுண்ணா? எழுவது பவுண்டு போதுமா?"

"எதை வேட்டையாடப் போற?"

"கும்மிடிப்பூண்டி தாண்டி ஃப்ரெண்டு ஊருல பன்னி பூருதாம்ண்ணா, வேர்க்கடலை ஃபுல்லா காலி. இல்லன்னா பழவேற்காடு பக்கம் வாத்து, நாரை..."

ரெண்டு மாச சம்பளம் சேர்த்து வச்சிருக்கான். வண்டியில போட்டாச்சு (ஆன்லைன் வண்டி தான்), பணம் கட்டறது மட்டும் பாக்கி. அவங்கம்மா வேற, "காம்பவுண்டு சொவரே இல்லாத வூட்டுக்கு காம்பவுண்டு வில்லு எதுக்குடா"ன்னு கேட்டாங்களாம். அந்தக் குடும்பத்துல விவரமானவங்க அவங்க தான்.

அவன்கிட்ட பேசி முடிக்கறதுக்குள்ள டீ ஆறிப்போச்சு. எனக்குத் தான் ஆறல. கோவம் அவன் மேல இல்லீங்க. "முதல் வேட்டை வில் வாங்குவது எப்படி"ன்னு அமெரிக்காக்காரன் அவன் காட்டுக்கு சொன்னதை அப்படியே தமிழ்ல மாத்தி, வீடியோ போட்டு, ஃபார்வேர்டு பண்ணி, "சூப்பர் தல"ன்னு கை தட்டுற அத்தனை பேர் மேலயும் தான். நம்ம பதிவர் கூட்டத்துலயும் ரெண்டு மூணு பேர் இருக்கீங்க. பேர் சொல்லல. உங்களுக்கே தெரியும்.

சுருக்கமா சொல்லிடறேன். நம்ம ஊருல "முதல் வேட்டை வில் எது"ங்கற கேள்விக்கு சரியான பதில்னு ஒண்ணு கிடையாது. அதுக்கு ஒரு மாடல் பேரை பதிலா சொல்றவன், கேக்கறவனோட காசு, தோள்பட்டை, எதிர்காலம் மூணுக்கும் சேர்த்து உலை வைக்கிறான். ஏன்னு கீழ சொல்றேன். பெரிய பதிவு, பொறுமையா படிங்க.

1. மொதல்ல சட்டம்

இந்தியாவுல 1972-லயே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. பட்டியல்ல இருக்கற காட்டு விலங்கு, பறவை எதையும் வேட்டையாடக் கூடாது. சினிமாவுல வர்ற மாதிரி புலி, யானை மட்டும் தான்னு நினைச்சா தப்பு. காட்டுப்பன்னியும் பட்டியல்ல இருக்கு. "அடிச்சா தானே கேஸு, குறி தவறிடுச்சுன்னா?"ன்னு தம்பி சிரிச்சான். அந்தச் சட்டத்துல "வேட்டை"ங்கற வார்த்தைக்கு குடுத்திருக்கற விளக்கத்துலயே முயற்சி பண்றதும் அடக்கம். குறி தவறினாலும் வேட்டை வேட்டை தான்.

2022-ல சட்டத்தைத் திருத்தி 2023 ஏப்ரல்ல அமலுக்குக் கொண்டு வந்தாங்க. ஆறு பட்டியல் நாலாச்சு. அபராதமும் ஏறிச்சு. முதல் பட்டியல் விலங்குன்னா குறைஞ்சது மூணு வருஷம், அதிகபட்சம் ஏழு வருஷம் ஜெயில், கூடவே குறைஞ்சது 25,000 ரூபாய் அபராதம். வில்லு, வண்டி எல்லாம் பறிமுதல். பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன்னு வீட்டுக்கு ஆள் வந்து நிக்கும்போது, இதெல்லாம் எப்படி விளக்கப் போறோம்?

"பன்னி பயிரை அழிக்குதே, அதுக்கு என்ன வழி?" நியாயமான கேள்வி. அந்த விவசாயியோட நஷ்டம் நிஜம், அதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஆனா அதுக்கும் சட்டத்துலயே வழி இருக்கு. மனுஷனுக்கோ பயிருக்கோ ஆபத்துன்னா, தலைமை வனஉயிரினக் காப்பாளர் எழுத்துல அனுமதி குடுக்கலாம். கேரளாவுல 2022-ல அந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்கள் வரைக்கும் இறக்கிக் குடுத்தாங்க. அங்கயும் சுடறது யாரு? உரிமம் உள்ள துப்பாக்கிக்காரங்க. அதுலயும் விஷம் வைக்கக் கூடாது, வெடி வைக்கக் கூடாது, கரண்ட் வைக்கக் கூடாது. நம்ம திருவொற்றியூர்ல இருந்து ஞாயித்துக்கிழமை பைக்குல வில்லைத் தோள்ல மாட்டிட்டுப் போற தம்பிக்கு அந்த ஏற்பாட்டுல எங்கயும் இடம் கிடையாது.

2. அமெரிக்காக்காரன் சொன்னா தப்பா?

தப்பில்லைங்க. அவன் ஊருக்கு அவன் சொல்றது சரி. இந்த விஷயத்துல நேர்மையா இருக்கணும்.

காம்பவுண்ட் வில்லே அங்க பொறந்தது தான். மிசோரியில ஹாலஸ் வில்பர் ஆலன்னு ஒருத்தர் 1960-கள்ல வில்லோட ரெண்டு முனையிலயும் கப்பி மாதிரி சக்கரத்தை வச்சுப் பார்த்தார். 1969-ல காப்புரிமை கிடைச்சுது. வட்டமா இல்லாம கோணலா இருக்கற அந்தச் சக்கரத்துக்கு கேம்னு பேரு. இழுக்கும்போது பாதி வழியில முழு பாரமும் தெரியும், கடைசி வரைக்கும் இழுத்துட்டா பாரம் சட்டுன்னு குறைஞ்சிடும். இதைத் தான் லெட்-ஆஃப்னு சொல்றாங்க. 60 பவுண்டு வில், 80 சதவீத லெட்-ஆஃப்னா, கடைசியில கையில நிக்கறது 12 பவுண்டு, அதாவது அஞ்சரை கிலோ. நிதானமா குறி பார்க்கலாம். அழகான இஞ்சினியரிங். மெக்கானிக்கல் படிச்சிட்டு ஜாவா எழுதற என்னை மாதிரி ஆளுங்களுக்கு அந்தக் கேமைப் பார்த்தா ஒரு ஏக்கமே வரும், ஹி ஹி.

அங்க வில் வேட்டைக்குன்னு சீசன் இருக்கு, லைசென்ஸ் இருக்கு, பல மாநிலங்கள்ல பாதுகாப்பு வகுப்பு இருக்கு, எத்தனை மான் அடிக்கலாம்னு கணக்கு இருக்கு. 1937-ல துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வரி போட்டு அந்தக் காசை வனவிலங்குக்கே செலவு பண்ண ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க. 1970-கள்ல வில், அம்புக்கும் அதை நீட்டினாங்க. அவன் வாங்கற ஒவ்வொரு அம்புலயும் காட்டுக்கு ஒரு பங்கு போகுது. பிடிக்குதோ பிடிக்கலையோ, அது ஒரு முழு ஏற்பாடு. அதே சமயம் பக்கத்துல பிரிட்டனைப் பாருங்க. அங்க 1981 சட்டப்படி வில்லால காட்டு விலங்கைக் கொல்றதே குற்றம். வெள்ளைக்காரன் எல்லாரும் ஒரே மாதிரி இல்ல.

நாம துறைமுகத்துக்குப் பக்கத்துல வாழற ஜனம். இறக்குமதின்னா என்னன்னு நமக்குத் தெரியும். பெட்டி மட்டும் வந்து பேப்பர் வரலைன்னா சரக்கு யார்டுலயே கிடக்கும், வெளிய விட மாட்டான். இந்த வேட்டை வில் விஷயத்துல நடக்கறது அதுக்கு நேர் எதிர். வில்லு மட்டும் இறங்கிடுச்சு. அதோட வந்திருக்க வேண்டிய லைசென்ஸ், வகுப்பு, சீசன், வரி எதுவும் இறங்கல. பேப்பரே இல்லாத சரக்கை நாம ஒருத்தருக்கொருத்தர் ரெகமண்ட் பண்ணிட்டு இருக்கோம்.

3. சொந்த செலவுல சூனியம் வச்சுக்கிட்ட கதை

"நீ மட்டும் வில்லு வச்சிருக்க, எங்களுக்கு அட்வைஸா?"ன்னு தம்பி கேட்டான். கேக்க வேண்டிய கேள்வி. கொசுவத்தி சுத்துறேன், பார்த்துக்கோங்க.

மூணு வருஷம் முன்னாடி நானும் இப்படித் தான் ஒரு "பெஸ்ட் ஹண்டிங் போ" பட்டியலைப் படிச்சிட்டு ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன். 70 பவுண்டு. இலை தழை பெயிண்ட் அடிச்சு, பார்க்கவே ராணுவத்துல சேர்ந்த மாதிரி இருந்தது. 70 பவுண்டுன்னா கிட்டத்தட்ட 32 கிலோ. நிறைஞ்ச கேஸ் சிலிண்டரை மூணு விரலால பின்னாடி இழுக்கற மாதிரி. வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்கி, முதுகை வளைச்சு, பல்லைக் கடிச்சு இழுத்தா தான் வரும். ஒரே மாசம். வலது தோள்பட்டை போச்சு. மூணு வாரம் ஆபீஸ்ல இடது கையால மௌஸ் புடிச்சேன். டீம் லீட் அதுக்கும் சிரிச்சார்.

அடுத்தது ட்ரா லென்த், அதாவது நாண் எவ்வளவு தூரம் பின்னாடி வரணும்ங்கற கணக்கு. ரெண்டு கையையும் விரிச்சு விரல் நுனிக்கு விரல் நுனி அளந்து, இஞ்ச் கணக்கை 2.5-ஆல வகுத்தா ஒரு உத்தேசம் கிடைக்கும். எனக்கு 67 இஞ்ச், வகுத்தா 27 கூட வரல. வில்லு வந்தது 30 இஞ்ச் செட்டிங்ல. அந்த விளம்பர வேகமெல்லாம் 70 பவுண்டு, 30 இஞ்ச், 350 கிரெயின் அம்புன்னு ஒரு கணக்குல அளந்தது. நம்ம கை நீளத்துக்கு அந்த வேகம் எந்தக் காலத்துலயும் வராது. வந்தது என்னன்னா, முழங்கைக்குக் கீழ நாண் அடிச்சு ஒரு சாண் நீளத்துக்கு ஊதா கலர் தழும்பு. வீட்டுல அம்மா யார்கிட்ட சண்டை போட்டன்னு கேட்டாங்க.

கடைசியா, மொட்டை மாடியில ஒரு நண்பன் "சும்மா பார்க்கறேன்டா"ன்னு அம்பு வைக்காம இழுத்து விட்டுட்டான். ட்ரை ஃபயர்னு சொல்வாங்க. அம்புல ஏற வேண்டிய சக்தி பூரா வில்லுலயே திரும்பும். நாண் கேம்ல இருந்து தெறிச்சு, ஒரு கிளை விரிசல் விட்டுப் போச்சு. நல்ல நேரம், கண்ணு தப்பிச்சது. அந்த வில் இப்ப பரண்ல கிடக்குது. ஒரு மாச சம்பளம்.

இதுல வேட்டை எங்க வருதுன்னு கேக்கறீங்களா? இங்க தான் வருது. வேட்டை வில்லுங்கறது வேட்டைக்காகவே செஞ்சது. மரத்து மேல உட்கார்ந்து அடிக்கத் தோதா குட்டையா இருக்கும். குட்டை வில் கையில சின்ன நடுக்கத்தையும் காட்டிக் குடுத்துடும். தோலைத் துளைக்கணும்னு பாரத்தை ஏத்தி வச்சிருக்கும். 60-70 பவுண்டு கிளைன்னா பத்து பவுண்டு தான் இறக்க முடியும், 40-க்கு வராது. சரி, வேட்டை வேணாம், போட்டிக்காவது போலாம்னு பார்த்தா, உலக வில்வித்தை விதியில காம்பவுண்டுக்கு உச்ச வரம்பே 60 பவுண்டு. முழுசா முறுக்கின 70 பவுண்டு வில்லோட மைதானத்துல நிக்கவே முடியாது. காட்டுக்குப் போனா ஜெயிலு, மைதானத்துக்குப் போனா ஸ்டாண்டு. நடுவுல மொட்டை மாடி தான் மிச்சம்.

இதுல பெரிய காமெடி, அமெரிக்காவுலயே பல மாநிலங்கள்ல மானுக்கு 35, 40 பவுண்டு இருந்தா போதும்னு தான் விதி. 70 பவுண்டுங்கறது தேவை இல்ல, கெத்து.

4. மொட்டை மாடிக்கு ஒரு கணக்கு

நம்ம ஏரியா எப்படி? ராயபுரத்துலயும் காசிமேட்டுலயும் ஒரு வீட்டு ஜன்னலைத் திறந்தா அடுத்த வீட்டு அடுப்பு. மாடிக்கு மாடி துணி, தண்ணி டேங்க், பட்டம் விடற பசங்க.

26 கிராம் அம்பு வினாடிக்கு 80 மீட்டர் வேகத்துல போச்சுன்னா அதோட சக்தி சுமார் 83 ஜூல். மணிக்கு 115 கிலோமீட்டர்ல வர்ற கிரிக்கெட் பந்துலயும் அதே அளவு தான். வித்தியாசம், பந்து உள்ளங்கை அகலத்துல மோதும், அம்பு பேனா முனையில மோதும். தவறுச்சுன்னா இருநூறு மீட்டர் தாண்டியும் போகும். எங்க தெருவுல இருநூறு மீட்டருக்குள்ள எத்தனை வீடு, எத்தனை குழந்தைன்னு எண்ணிப் பாருங்க.

விலங்குக்கு என்ன ஆகும்னும் சொல்லணும். அம்பு துப்பாக்கி மாதிரி அதிர்ச்சியில சாய்க்காது. பிராட்ஹெட்னு சொல்ற பிளேடு முனை உள்ள போய் அறுக்கும், ரத்தம் போய் தான் சாகும். சரியான இடத்துல பட்டாலே விலங்கு ஓடும். அனுபவப்பட்ட வேட்டைக்காரங்க அரை மணி நேரத்துக்கு மேல காத்திருந்து ரத்தத் தடம் பார்த்துப் போவாங்க. ஒரு மாசம் மாடியில பழகின தம்பி விட்ட அம்பு, பன்னி வயித்துல குத்தி, அது ராத்திரி பூரா ஏதோ ஒரு வயல்ல கிடந்து செத்தா, அதுல என்ன வீரம்?

5. "தமிழன் வீரம்" பார்ட்டிகளுக்கு

வல்வில் ஓரின்னு ஆரம்பிப்பீங்கன்னு தெரியும். கொல்லிமலை ஓரி, ஒரே அம்புல யானை, புலி, மான், பன்னி, உடும்புன்னு வரிசையா துளைச்சதா புறநானூத்துல வருது. எனக்கும் பெருமை தான். ஆனா ஓரி காலத்துக் காடும் இன்னைக்கு இருக்கற காடும் ஒண்ணா?

வீரத்தைப் பேசறதுக்கு முன்னாடி இன்னொரு கணக்கு பார்க்கணும். 1972 சட்டம் வந்தப்ப யாரோட பொழப்பு போச்சு? வேட்டை தான் சோறுன்னு இருந்த நரிக்குறவர்கள். பாம்பு புடிச்சு வாழ்ந்த இருளர்கள். "இனிமே வேட்டை கிடையாது"ன்னு அரசாங்கம் சொல்லிச்சு. அவங்க பாசிமணி, ஊசி வித்துப் பொழைக்கற நிலைமைக்கு வந்தாங்க. நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியல்ல சேர்க்க நாடாளுமன்றம் சட்டம் நிறைவேத்தினது 2022 டிசம்பர்ல. கிட்டத்தட்ட அம்பது வருஷம் கழிச்சு! இருளர்கள் 1978-ல கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சு, வடநெம்மேலியில பாம்பைக் கொல்லாம விஷம் மட்டும் எடுத்துக் குடுக்கறாங்க. அந்த விஷத்துல இருந்து தான் பாம்புக்கடிக்கு மருந்து வருது. பசிக்கு வேட்டையாடினவன் சட்டத்தை மதிச்சு பொழப்பையே மாத்திக்கிட்டான். மாசம் பொறந்தா சம்பளம் அக்கவுண்ட்ல விழற நாம, வீக் எண்டு பொழுதுபோக்குக்கு அதே வேட்டைக்குப் போவோமா? இதுக்கு என்கிட்ட ஒரே ஒரு வார்த்தை தான் இருக்கு: அசிங்கம்.

"மீன் புடிக்கறதும் வேட்டை தானே, காசிமேட்டுல போய் சொல்லு"ன்னு ஒரு அனானி கண்டிப்பா வருவார். வாங்க. காசிமேட்டுல விசைப்படகுக்காரங்க வருஷா வருஷம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் கடலுக்குப் போகாம நிக்கறாங்க. மீன் குஞ்சு பொரிக்கட்டும்னு. கடன் ஏறும், வட்டி ஏறும், ஆனா போட் கரையில நிக்கும். கடலே சோறு போடற ஜனம் 61 நாள் கையைக் கட்டிக்கும்போது, நம்மளால ஒரு ஆசையைக் கட்டிக்க முடியாதா?

நாரை, வாத்துன்னு தம்பி சொன்னானே, அதுக்கும் ஒண்ணு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் பூரா கறுப்பா ஆச்சு. வலை, படகு, அலையாத்திச் செடி எல்லாத்துலயும் தார் மாதிரி அப்பிக்கிச்சு. இறக்கை முழுக்க எண்ணெயோட கூழைக்கடாங்க பறக்க முடியாம உட்கார்ந்திருந்ததை நம்ம ஏரியா ஜனம் பார்த்திருக்கு. சாம்பல் கழிவு, எண்ணெய், கம்பெனிப் புகை எல்லாத்தையும் தாண்டி அந்தப் பறவைங்க இன்னும் வருதுங்க. அதுல மிஞ்சினதை அடிக்கறதுக்கு நம்ம தெருவுல இருந்தே ஒருத்தன் கிளம்பணுமா?

6. அப்ப வில்லே வேணாமா?

இதை எழுத உட்கார்ந்ததே இதுக்காகத் தான். நான் இவ்வளவும் சொன்னதும் தம்பி போனை பாக்கெட்ல வச்சுக்கிட்டு, "அப்ப வுடுண்ணா, நமக்கு செட் ஆவாது"ன்னான். அது தான் எனக்கு ஊசி குத்தின மாதிரி இருந்தது. செட் ஆவாதுன்னு யார் சொன்னா?

இந்தியாவுல காம்பவுண்ட் வில்லு இன்னைக்கு எங்க நிக்குதுன்னு பாருங்க. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டுல முதல் தடவையா காம்பவுண்ட் வந்தது, ஆண்கள் அணி தங்கம். 2023 ஆகஸ்ட், பெர்லின் உலகப் போட்டி: மகாராஷ்டிராவுல சதாராவைச் சேர்ந்த அதிதி சுவாமி, வயசு 17, தனிநபர் உலக சாம்பியன். வில்வித்தையில இந்தியாவோட முதல் தனிநபர் உலக சாம்பியனே அந்தப் பொண்ணு தான். அதே நாள் ஓஜஸ் தேவ்தலே ஃபைனல்ல 150-க்கு 150. ரெண்டு மாசத்துல ஹாங்சோ ஆசிய விளையாட்டு: காம்பவுண்ட்ல இருந்த அஞ்சு தங்கமும் இந்தியாவுக்கு. அஞ்சும்! ஜோதி சுரேகா மட்டும் மூணு. ரெண்டு கையும் இல்லாம பொறந்த ஷீத்தல் தேவி, காலால வில்லைப் புடிச்சு தோளாலயும் வாயாலயும் அம்பை விடறாங்க. 2024 பாரிஸ் பாராலிம்பிக்ல ராகேஷ் குமாரோட சேர்ந்து வெண்கலம். 70 பவுண்டு கெத்து பேசறவங்க அந்த வீடியோவை ஒரு தடவை பாருங்க. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ல காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதல் தடவையா வருது.

இதுல எந்தத் தங்கத்துக்கும் ஒரு குருவி சாகல.

அதனால தம்பிக்கு சொன்ன நிஜமான பதில் இது தான்:

- மொதல்ல வில்லு வாங்காத. கிளப் வில்லுல ரெண்டு மூணு மாசம் பழகு. 20 பவுண்டு ரீகர்வ் இல்ல மூங்கில் வில் போதும். தீபிகா குமாரியே மூங்கில் வில்லுல ஆரம்பிச்சவங்க தான்.
- காம்பவுண்ட் வாங்கும்போது 40-50 பவுண்டுக்குள்ள செட் பண்ற மாதிரி பாரு. நாற்காலியில உட்கார்ந்து, காலைத் தரையில இருந்து தூக்கி, வில்லை வானத்துக்குத் தூக்காம நேரா இழு. முடியலைன்னா பாரம் அதிகம். அவ்வளவு தான் டெஸ்ட்.
- உன் கை நீளத்தை அளந்துட்டு, அதுக்கு செட் ஆகற வில்லை மட்டும் பாரு. வேகத்தைப் பார்க்காத.
- குட்டை வில் வேணாம். ரெண்டு கேம் அச்சுக்கும் நடுவுல 35 இஞ்சுக்கு மேல இருந்தா கை நடுக்கத்தை மன்னிக்கும்.
- விரலால இழுக்காத, ரிலீஸ் எய்ட் வாங்கு. அம்பு வில்லோட பாரத்துக்குப் பொருந்தணும். இலேசான அம்பை வச்சா கிட்டத்தட்ட ட்ரை ஃபயர் தான். ஒவ்வொரு தடவையும் கார்பன் அம்பை வளைச்சு விரிசல் பாரு, உடைஞ்சா கையில ஏறும்.
- மாடியில வேணவே வேணாம்.

"மாடி வேணாம்னா எங்கண்ணா அடிக்கறது?"ன்னான். இதுக்குத் தான் என்கிட்ட நல்ல பதில் இல்ல. நான் போற கிளப்புக்கு வீட்டுல இருந்து மெட்ரோ, பஸ் எல்லாம் சேர்த்து ஒண்ணேமுக்கா மணி நேரம். ஐடி சம்பளத்துல எனக்கு சரி. ஷிஃப்ட் முடிச்சிட்டு வர்ற அவனுக்கு?

கேரம் போர்டு வைக்க ஒரு மரத்தடி இருந்தா போதும், வட சென்னை உலக சாம்பியனைக் குடுக்கும். புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024-ல அமெரிக்காவுல போய் மூணு தங்கம் ஜெயிச்சுட்டு வந்தாச்சு. காம்பவுண்டுக்கு போட்டி தூரம் 50 மீட்டர். 50 மீட்டர் நீளம், பின்னாடி ஒரு மண்மேடு, ரெண்டு பக்கம் சுவர், ஒரு பயிற்சியாளர். ஏக்கர் கணக்குல கன்டெய்னர் அடுக்க இடம் இருக்கற ஊருல, ஒரு மூலையில 50 மீட்டர் கிடைக்காதா? இத்தனை துறைமுகம், இத்தனை ஆலை, இத்தனை புகை எங்களுக்கு. அதுக்குப் பதிலா ஒரு மைதானம் கேட்டா அதிகமா?

சண்டை போடணும்னா இதுக்குப் போடுங்க மக்களே. "எந்த ஹண்டிங் போ பெஸ்ட்"னு நூறு பின்னூட்டம் கும்மி அடிக்கற நேரத்துல, கவுன்சிலருக்கு ஒரு மனு எழுதலாம். நான் எழுதிட்டேன். திருவொற்றியூர்ல இருக்கறவங்க கையெழுத்துப் போட வாங்க.

தம்பி அந்த ஆர்டரை இன்னும் கேன்சல் பண்ணல. பணமும் கட்டல. வர்ற ஞாயித்துக்கிழமை என்னோட கிளப்புக்கு வரேன்னு சொல்லியிருக்கான். காலைல அஞ்சரை மணிக்கு எழுந்து வருவானான்னு தெரியாது. வந்தா முதல் அம்பை அவன் கையில குடுக்கறதா இருக்கேன், 20 பவுண்டு வில்லோட.

டிஸ்கி 1: மாடல் பேர் கேட்டு தனி மடல் போடறவங்களுக்கு: கிளப்புக்கு வாங்க, நேர்ல பேசலாம். வேட்டைக்குன்னு கேட்டா பதில் வராது.

டிஸ்கி 2: பரண்ல கிடக்கற 70 பவுண்டு வில்லை விலைக்குக் கேக்காதீங்க. விரிசல் விட்டது. இன்னொருத்தன் தோள்பட்டைக்கு நான் பொறுப்பில்ல.